ஓடும் சாலையில் வேலை: டிராஃபிக் பிளான் போடப் புதிதாக வருபவர்களுக்கு

நெடுஞ்சாலை சைட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பொறுப்பு வந்து விழும். "இந்த ஐநூறு மீட்டருக்கு ஒரு டிராஃபிக் பிளான் போட்டுக் குடுங்க தம்பி" என்பார்கள். கல்லூரியில் தார் கலவை படித்திருப்போம், கான்கிரீட் கிரேடு படித்திருப்போம். லாரியும் பஸ்ஸும் ஓடிக்கொண்டிருக்கும் சாலையில் பாதியை அடைத்துவிட்டு, மீதிப் பாதியில் எல்லோரையும் பத்திரமாக அனுப்புவது எப்படி என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பழைய பிளான் ஒன்றை எடுத்து, செயினேஜை (சாலையில் இடத்தைக் குறிக்கும் தூர எண்ணை) மட்டும் மாற்றிக் கையெழுத்துக்கு வைப்பதுதான் பலரும் செய்வது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

அதை நிறுத்தியது ஒரு இரவு. சேலம் பக்கம் ஒரு சைட். பகலில் பழைய தாரை ஐம்பது மில்லிமீட்டர் ஆழத்துக்கு மில்லிங் செய்து, அதாவது இயந்திரத்தால் சுரண்டி, எடுத்திருந்தோம். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது, புதுத் தார் விரிக்கும் பேவர் இயந்திரம் வரவில்லை. மில்லிங் தொடங்கிய இடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு படி அப்படியே நின்றது. இரவு எட்டரை மணிக்கு எக்ஸ்எல் வண்டியில் மனைவியோடு வந்த ஒரு பெரியவர் அந்தப் படியில் இறங்கி விழுந்தார். கை முறிந்தது, உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவரிடம், "முந்நூறு மீட்டருக்கு முன்னாடியே போர்டு வச்சிருந்தோமே ஐயா, பாக்கலியா?" என்று கேட்டேன். "பாத்தேனுங்க. அந்த போர்டு மூணு வாரமா அங்கயேதான நிக்குது. சும்மாதான் நிக்குதுன்னு வந்துட்டனுங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. மூன்று வாரமாக அங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை, போர்டை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தோம். இருபது நாள் பொய் சொன்ன போர்டு இருபத்தோராம் நாள் உண்மை சொன்னபோது அவர் நம்பவில்லை. சாலையில் நிற்கும் ஒவ்வொரு போர்டும் கோனும் அந்த நேரத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாமே அதிலிருந்து வருவதுதான்.

எந்தப் புத்தகத்தை மேசையில் வைத்துக்கொள்வது

வேலைப் பகுதிகளில் போக்குவரத்தை நடத்துவது பற்றி இந்தியச் சாலைப் பேரவை (ஐஆர்சி) வெளியிட்ட ஐஆர்சி எஸ்பி 55 கட்டாயம் வேண்டும். முதலில் 2001-ல் வந்தது, 2014-ல் திருத்தி எழுதினார்கள். உங்களிடம் 2014 பதிப்புதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல அலுவலகங்களில் பழைய ஜெராக்ஸ்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாலைக் குறிகளுக்கு ஐஆர்சி 67, தரைக்கோடுகளுக்கு ஐஆர்சி 35. அப்புறம் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்புப் புத்தகத்தில் 112-வது பிரிவு. வேலை நடக்கும்போது போக்குவரத்துக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதை அது சில பக்கங்களில் சொல்லிவிடுகிறது. ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: இந்த ஏற்பாடுகளுக்குத் தனியாகப் பணம் கிடையாது, வேலையோடு சேர்ந்தது என்று. சிக்கனம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது இங்கேதான் என்பதற்குக் காரணம் அதுதான். எனவே டெண்டர் விலை போடும்போதே கோன், போர்டு, பிளிங்கர் என்ற மின்னும் விளக்கு, கொடி பிடிக்கும் ஆட்கள் எல்லாவற்றையும் எண்ணி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

முதலில் வண்டிகளை எண்ணுங்கள்

வரைபடம் போடுவதற்கு முன்னால் தெரிய வேண்டியது, எந்த மணிக்கு எத்தனை வண்டி போகிறது என்பதுதான். பக்கத்தில் டோல்கேட் இருந்தால் மணி வாரியான கணக்கை அங்கேயே வாங்கலாம். ஆனால் அதில் இருசக்கர வண்டிகள் இருக்காது. அவற்றுக்குக் கட்டணம் இல்லை, கணக்கும் இல்லை. விழுந்து அடிபடுபவர்களில் அவர்கள்தான் அதிகம். ஆகவே காலை ஏழு முதல் பத்து வரை, மாலை நான்கு முதல் எட்டு வரை இரண்டு பேரை உட்கார வைத்து நீங்களே எண்ணிவிடுங்கள். டோலுக்கு முன்னாலேயே உள்சாலையில் இறங்கிவிடும் டிராக்டர்களும் அப்போதுதான் தெரியும்.

கார் ஒன்று, லாரியும் பஸ்ஸும் மூன்று, டிரெய்லர் நாலரை, பைக் அரை என்று கார் அளவுக்கு மாற்றிக் கூட்டுங்கள். இதைத்தான் பிசியு என்கிறோம். சமவெளியில் இருவழிச் சாலைக்கு ஐஆர்சி 64 சொல்லும் கொள்ளளவு ஒரு நாளைக்கு 15,000 பிசியு. நான்குவழிச் சாலையில் ஒரு பக்கத்தை மூடிவிட்டு, இரண்டு திசையையும் மறு பக்கத்திலேயே விடுகிறீர்கள் என்றால், உங்கள் கையில் இருப்பது ஒரு இருவழிச் சாலைதான். ஓடுவது 30,000 பிசியு என்றால் வரிசை நிற்கும், அதில் சந்தேகமே வேண்டாம். அப்படியானால் இரவில் செய்வதா, சர்வீஸ் ரோட்டை அகலப்படுத்தி அதிலும் விடுவதா, கனரக வண்டிகளை வேறு வழியில் திருப்புவதா என்று அப்போதே முடிவு செய்ய வேண்டும். திருப்புவதென்றால் மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் அறிவிக்க வேண்டும். கடைசி நாளில் ஓடினால் நடக்காது.

காலண்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதை எந்த வழிகாட்டு நூலும் நமக்காக எழுதித் தராது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய மூன்று நாள் சென்னையிலிருந்து தெற்கே போகும் பாதையில் எதையும் அடைக்கக் கூடாது. தைப்பூசத்துக்கு முன் பழனிக்குப் போகும் சாலைகளில் பாதயாத்திரைக் கூட்டம் இரவெல்லாம் ஓரத்தில் நடக்கும், நீங்கள் கோன் வைக்க நினைக்கும் அதே ஓரத்தில். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிப் பக்கம் அதே கதை. கரும்பு வெட்டும் காலத்தில் இரட்டை டிரெய்லர் டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் வரும். டெல்டாவில் அறுவடையின்போது சாலையில் நெல் காயும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதத்தில் ராத்திரியில் குழியைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டாம்.

சாலையை நான்காகப் பிரியுங்கள்

எந்த வேலைப் பகுதியும் நான்கு துண்டு. முன்னெச்சரிக்கைப் பகுதி, தடம் மாறும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, பழைய தடத்துக்குத் திரும்பும் பகுதி. வேகத்தைப் பொறுத்து நீளம் மாறும். வண்டிகள் மணிக்கு 50 கிலோமீட்டருக்குள் வந்தால் முன்னெச்சரிக்கைக்கு 100 மீட்டர் போதும். 80 முதல் 100 வரை வந்தால் 300 முதல் 500 மீட்டர், தடம் மாறுவதற்கு 100 முதல் 200 மீட்டர். நூறைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே சொல்ல ஆரம்பிக்க வேண்டும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட ஏன் என்று புரிந்துகொள்வது நல்லது. 80-ல் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை விநாடி என்று கணக்கு. அதற்குள் 55 மீட்டர் போய்விடும். நிற்க மொத்தம் 120 மீட்டர் வேண்டும், 100-ல் வந்தால் 180. இது சமதளத்துக்கு. தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிக்கு இது போதவே போதாது. அங்கே முதல் போர்டு இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே இருக்க வேண்டும். பிரேக் சூடேறிய பிறகு படிக்கும் போர்டால் ஓட்டுநருக்கு ஒரு பயனும் இல்லை. சாலை எந்த வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது என்பதைப் பார்த்து நீளத்தை முடிவு செய்யாதீர்கள், உண்மையில் எந்த வேகத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள். ஆம்னி பஸ் இரவு பதினொரு மணிக்கு எந்த வேகத்தில் வருகிறது என்று ஓரமாக நின்று ஒரு நாள் பார்த்தால் பிளான் தானாக நீளும்.

போர்டுகளின் வரிசை ஒரு பேச்சு மாதிரி போக வேண்டும். முதலில் முன்னே சாலைப் பணி, அப்புறம் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்வது: 80 ஓடும் இடத்தில் 60, பிறகு 40. நேரடியாக 20 என்று எழுதினால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். பிறகு முந்தாதே, பிறகு எந்தத் தடம் மூடியிருக்கிறது, பிறகு அம்புக்குறி. ஒவ்வொன்றுக்கும் நடுவே படித்து முடிக்க இடம் விடுங்கள். வடமாநில லாரிகள் பாதி ஓடும் சாலையில் எழுத்தைவிடப் படம்தான் வேலை செய்யும்.

நம் சாலைகளில் பாரம் ஏற்றிய லாரி பெரும்பாலும் மீடியனை (சாலையின் நடுத்திட்டை) ஒட்டிய வலது தடத்திலேயே ஊர்ந்து போகும். காரும் பஸ்ஸும் இடது பக்கமாக முந்தும். எனவே போர்டை இடது ஓரத்தில் மட்டும் வைத்தால், வலது தடத்தில் இருப்பவருக்கு நடுவே இன்னொரு வண்டி மறைக்கும். இரண்டு பக்கமும், ஓரத்திலும் மீடியனிலும், ஜோடியாக வையுங்கள். வலது தடத்தை மூடுவதானால் அந்த லாரிகள் அத்தனையும் இடது பக்கம் வந்தாக வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். தடம் மாறும் பகுதியில் வண்டிகளை ஒதுக்கச் சாய்வாக வைக்கும் கோன் வரிசையை நான் எப்போதும் புத்தகம் சொல்லும் அதிகபட்ச நீளத்துக்கே வைப்பேன்.

சாய்வு முடிந்த இடத்துக்கும் முதல் ஆள் நிற்கும் இடத்துக்கும் நடுவே வெற்று இடம் வேண்டும். தடம் தப்பி உள்ளே புகுந்த வண்டி நிற்க அதுதான் இடம். தண்ணீர் டேங்கரை நிறுத்துவது, ஜல்லி கொட்டுவது, ஜெனரேட்டர் வைப்பது எல்லாம் அங்கேதான் நடக்கும், காலியாக இருக்கிறதே என்று. ஒரு நாள் மத்தியானம் ரோலரின் நிழலில் நான்கு பேர் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். ரோலர் நின்றது அந்த வெற்று இடத்தில். அவர்களை எழுப்பியபோது எனக்குக் கோபத்தைவிட வெட்கமாக இருந்தது, ஏனென்றால் நிழலுக்கு வேறு இடம் நாங்கள் செய்து தரவில்லை. அன்றைக்கே சாலைக்கு வெளியே ஒரு தார்ப்பாய்ப் பந்தல் போட்டோம். உங்கள் பிளானிலும் பந்தலுக்கும் குடிதண்ணீருக்கும் இடம் குறித்துவிடுங்கள்.

எதை வைத்து அடைப்பது

கோன், டிரம், தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்பு, கான்கிரீட் தடுப்பு. பகல் வேலைக்குக் கோன் போதும். பக்கத்தில் ஆழமான குழி இருக்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள், வாரக்கணக்கில் இருக்கப் போகிறது என்றால் கான்கிரீட்தான். பிளாஸ்டிக் தடுப்பில் தண்ணீர் நிரப்பி ஒன்றோடொன்று கோத்தால்தான் அது தடுப்பு. காலியாக நிற்பது வெறும் டப்பா, பஸ் போகும் காற்றிலேயே நகரும். கல்லில் சுண்ணாம்பு அடித்து வரிசையாக வைப்பது, முள்மரக் கிளையை வெட்டிப் போடுவது, இரண்டு கம்பிக்கு நடுவே சிவப்புத் துணி கட்டுவது, இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். கல்லில் மோதினால் பைக்காரர் பிழைப்பது கஷ்டம். போர்டு சாயாமல் இருக்கக் கல்லுக்குப் பதில் மணல் மூட்டை வையுங்கள்.

கோன் திருடு போகும், போர்டின் இரும்புக் கால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். நூறு வேண்டுமென்றால் நூற்றிருபது வாங்கி வையுங்கள்.

ஒரே தடத்தில் மாற்றி மாற்றி விடும்போது

இருவழிச் சாலையில் பாதியை அடைத்தால் மீதி ஒரு தடம்தான். ஒரு பக்கம் நிறுத்தி மறு பக்கம் விட வேண்டும். இப்படிச் செய்யும் நீளம் ஒரு இடத்தில் பொதுவாக 500 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது 112-வது பிரிவு. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் 500 மீட்டரைக் கடக்க 90 விநாடி. ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடம் திறந்தால், கடைசி வண்டி வெளியேறக் காத்திருப்பதையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம். மூன்று விநாடிக்கு ஒரு வண்டி என்றால் இரண்டு நிமிடத்தில் 40 வண்டி, ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் சுமார் 340. நீளத்தை 1,500 மீட்டர் ஆக்கினால் சுற்று 13 நிமிடம் ஆகிறது, வண்டி 185 ஆகச் சுருங்குகிறது. பேவருக்கு நீளமாக இடம் கிடைக்கும் என்று ஆசைப்படுபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் கொஞ்சம் சமாளிக்கலாம்தான். ஆனால் எதிர்ப்பக்கம் பத்து நிமிடம் நிற்பவர் பொறுமையாக நிற்க மாட்டார், வலது பக்கம் இரண்டாவது வரிசை போட்டுவிடுவார். அப்புறம் எதிரே வரும் வண்டிகள் வெளியேற வழியே இருக்காது. நிற்கும் வரிசையின் நடுக்கோட்டில் ஐம்பது மீட்டருக்காவது கோன் வைத்தால் அந்த இரண்டாவது வரிசை உருவாகாது.

கொடி பிடிப்பவரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் காட்டாதீர்கள். வேறு வேலைக்கு ஆகாதவரை அங்கே நிறுத்துவது பல சைட்டுகளில் வழக்கம். உண்மையில் அந்தப் பகுதியிலேயே தெளிவான ஆள்தான் அங்கே நிற்க வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞரை நிறுத்தினால் அவர் கையசைப்பது புரியும். ஆனால் ஆம்புலன்ஸ் ஓட்டுநரோ, "ஏன்பா நிறுத்துற?" என்று இறங்கி வருபவரோ பேசினால் பதில் சொல்லத் தமிழ் வேண்டும். ஒரு முனையிலாவது உள்ளூர் ஆள் இருக்கட்டும். இரண்டு முனைக்கும் வாக்கிடாக்கி கட்டாயம், போன் நம்பாதீர்கள், சிக்னல் போகும். வாக்கிடாக்கி சார்ஜ் தீர்ந்துவிட்டால் பழைய முறை இருக்கிறது: கடைசியாகப் போகும் வண்டியிடம் ஒரு குச்சியைக் கொடுத்தனுப்புங்கள், அது எதிர்முனைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே திறக்க வேண்டும். கொடி பிடிப்பவர் ஓடும் தடத்துக்கு வெளியே, தப்பி ஓட இடம் இருக்கும் பக்கமாக நிற்கட்டும். வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை நிறுத்தாதீர்கள். இரவில் கொடிக்குப் பதில் சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் கைவிளக்கு.

ஊர்க்காரர்களை மறந்தால்

மீடியன் இடைவெளியை மூடினால், எதிர்ப்பக்கம் தோட்டம் இருப்பவர் மூன்று கிலோமீட்டர் சுற்றி வர மாட்டார். ராங் சைடில்தான் வருவார், அதுவும் விளக்கில்லாமல் பால் கேனோடு. அவரைத் திட்டிப் பயனில்லை, பக்கத்திலேயே கடக்க இடம் விட்டால் வர மாட்டார். பஸ் நிறுத்தத்தை நகர்த்தினால் டெப்போவுக்கும் பள்ளிக்கும் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் பழைய இடத்திலேயே, உங்கள் கோன்களுக்கு நடுவே நிற்பார்கள். வேலை தொடங்கும் முன் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த நேரத்தில் ஆடு கடக்கிறது, எங்கே தண்ணீர் தேங்கும் என்பது உங்கள் சர்வேயில் வராது.

வைப்பதும் எடுப்பதும்

விபத்துக்கு மிகவும் வாய்ப்புள்ள அரை மணி நேரம் இது. வைக்கும்போது வண்டிகள் வரும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: முதலில் தொலைவில் உள்ள முதல் போர்டு, பிறகு அடுத்தது, பிறகு சாய்வுக் கோன், கடைசியாக வேலைப் பகுதி. எடுக்கும்போது அப்படியே தலைகீழ், கடைசியில்தான் முதல் போர்டு. சாயங்காலம் களைப்பில் முதல் போர்டிலிருந்தே எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அந்த நேரத்தில் ஆட்கள் இன்னும் சாலையில் நிற்பார்கள், எச்சரிக்கை மட்டும் போயிருக்கும். கோன் ஏற்றும் லாரிக்குப் பின்னால் பளிச்சிடும் விளக்கோடு இன்னொரு வண்டி வர வேண்டும்.

மில்லிங் செய்த இடத்தை மறுநாளைக்கு விட வேண்டி வந்தால், குறுக்குப் படிக்குத் தார் கலவையால் குறைந்தது ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் சரிவு போட்டுவிட்டே கிளம்புங்கள். மழை வந்தாலும் சரி, பேவர் வராவிட்டாலும் சரி. இதற்கென்று சூடாக்காமலே போடக்கூடிய தார்க் கலவை, அதாவது குளிர்கலவை, பத்து மூட்டை எப்போதும் சைட்டில் இருக்கட்டும்.

இருட்டில் நீங்களே ஓட்டிப் பாருங்கள்

எல்லாம் வைத்த முதல் இரவு, இந்தச் சாலையைப் பார்த்திராத ஒருவரை காரில் ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். எதுவும் சொல்லாதீர்கள். அவர் எங்கே தயங்குகிறார், எங்கே கால் தடுமாறி பிரேக் அடிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பைக்கில் நீங்கள் ஒரு முறை போங்கள். எதிர் விளக்கின் கூச்சத்தில் எந்தக் கோன் தெரியவில்லை, டவர் லைட் ஓட்டுநரின் கண்ணில் அடிக்கிறதா, போர்டில் சேறு அப்பியிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். மழைக்குப் பிறகு போர்டுகளைக் கழுவ ஒரு ஆளையும் ஒரு குடம் தண்ணீரையும் ஒதுக்கினால் போதும்.

காலையிலும் இருட்டிய பின்னும் இரண்டு முறை சுற்றி வந்து, நேரம் தெரியும்படி போட்டோ எடுத்து, பதிவேட்டில் எழுதுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால் போலீஸ் கேட்கும் முதல் காகிதம் அது. நெடுஞ்சாலை உதவி எண் 1033, ஆம்புலன்ஸ் எண் 108 இரண்டும் கொடி பிடிப்பவர் வரை எல்லோருடைய போனிலும் இருக்கட்டும். ரெக்கவரி வண்டி எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒற்றைத் தடத்தில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றால் அன்றைய பிளான் அங்கேயே முடிந்தது.

வேலை இல்லாத நாளில் போர்டை மூடுங்கள், அல்லது திருப்பி வையுங்கள். சாக்குப் பை போட்டுக் கட்டினாலும் போதும். பணி முழுவதும் முடிந்ததும் தற்காலிகமாக அடித்த தரைக்கோடுகளைச் சுரண்டி எடுங்கள். கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்தால் மழை இரவில் பழைய கோடு பளபளத்து ஓட்டுநரை மீடியனுக்கு இழுக்கும். டைவர்ஷனுக்காக மூடி வைத்த நிரந்தர போர்டுகளின் சாக்கை அவிழ்க்க மறந்துவிடாதீர்கள். கடைசியாக "வேலைப் பகுதி முடிவு" போர்டையும் லாரியில் ஏற்றிய பிறகு, இரண்டு திசையிலும் ஒரு முறை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.